பெயர் தெரியாத உடலும் பெயர் மட்டும் மிஞ்சிய ஆளும்: பொதுத் தரவுத்தளங்களில் தேடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1968 மே மாதம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஜார்ஜ்டவுன் என்ற ஊருக்குப் பக்கத்தில், கூடாரத் துணியில் சுற்றிக் கட்டிய ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. யாரென்று தெரியவில்லை. வயது 16க்கும் 19க்கும் இடையில் இருக்கலாம் என்று குறித்து வைத்தார்கள், ஊரார் 'டென்ட் கேர்ள்' என்று பெயர் வைத்துப் புதைத்தார்கள். முப்பது வருடம் கழித்து, 1998இல், டாட் மேத்யூஸ் என்ற சாதாரண ஆலைத் தொழிலாளி இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, 1967 கடைசியில் காணாமல் போன தன் அக்காவைத் தேடி ஒரு பெண் போட்டிருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. உடலைத் தோண்டியெடுத்து டிஎன்ஏ பார்த்தார்கள். அவரேதான். சாகும்போது அவருக்கு வயது 24.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வயதுதான். '16 முதல் 19' என்று பதிவில் இருந்ததை அப்படியே நம்பி, 24 வயதுப் பெண்களைத் தேடாமல் விட்டிருந்தால் இன்றைக்கும் அவர் டென்ட் கேர்ளாகவே இருந்திருப்பார். அதனால் இந்த வேலையில் நான் பிடித்து வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: விரித்துத் தேடு, கறாராகக் கழி. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வயது, உயரம், ஊர் எல்லாவற்றையும் துல்லியமாகப் போட்டுத் தேடிவிட்டு, கடைசியில் முகச் சாயல் ஒத்துப்போகிறது என்பதற்காக ஒருவரைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

முதலில், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒருவர் காணாமல் போன புகார் ஒரு காவல் நிலையத்தில் இருக்கும், அவருடைய உடல் வேறு மாவட்டத்திலோ வேறு நாட்டிலோ ஒரு பிணவறையில் எண்ணோடு கிடக்கும், இந்த இரண்டு கோப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இருக்காது. பகிர்வுத் தரவுத்தளம் என்பது அந்த மேசைதான்.

பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில் நன்றாக அமைந்தது அமெரிக்காவின் 'நேம் அஸ்'. அந்நாட்டு நீதித்துறையின் கீழ் வரும் தேசிய நீதி ஆய்வு நிறுவனம் நடத்துவது. 2007இல் அடையாளம் தெரியாத உடல்களுக்கான பகுதி வந்தது, 2008இல் காணாமல் போனவர்களுக்கானது, 2009இல் இரண்டையும் இணைத்து ஒன்றோடொன்று ஒப்பிட வைத்தார்கள். மூன்றாவதாக, பெயர் தெரிந்தும் உரிமை கோர ஆளில்லாத உடல்களுக்கென்று ஒரு பகுதியும் உண்டு. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பெயர் தெரிந்த உடலே சொந்தக்காரர் கிடைக்காமல் கிடக்கும் என்பது யாருக்கும் சட்டென்று தோன்றாது. தேடும்போது அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

அங்கே ஓர் ஆண்டில் சுமார் 4,400 அடையாளம் தெரியாத உடல்கள் கிடைக்கின்றன என்றும், அதில் ஏறக்குறைய 1,000 பேர் ஒரு வருடம் கழிந்தும் பெயரில்லாமலே இருக்கிறார்கள் என்றும் நேம் அஸ் சொல்கிறது.

இதோடு காவல்துறை மட்டும் பார்க்கக்கூடியவை தனியாக உண்டு. எஃப்பிஐயின் என்சிஐசி என்ற குற்றப் பதிவு மையத்தில் 1975 முதல் காணாமல் போனவர்களுக்கான கோப்பும், 1983 முதல் அடையாளம் தெரியாதவர்களுக்கான கோப்பும் இருக்கின்றன. டிஎன்ஏவுக்கு கோடிஸ் என்ற தரவுத்தளம். இவற்றுக்குள் நீங்களும் நானும் நுழைய முடியாது. ஆனால் நம் ஆளின் விவரம் அதில் ஏறியிருக்கிறதா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

எல்லை தாண்டினால் இன்டர்போல். காணாமல் போனவருக்கு மஞ்சள் அறிவிப்பு, அடையாளம் தெரியாத உடலுக்குக் கறுப்பு அறிவிப்பு. 2021 முதல் ஐ-ஃபமிலியா என்று ஒன்று நடக்கிறது, ஒரு நாட்டில் உறவினர் கொடுத்த டிஎன்ஏவை இன்னொரு நாட்டில் கிடைத்த உடலின் டிஎன்ஏவோடு ஒப்பிடுவதற்கு. போர், பேரிடர், அகதிப் பயணம் என்று காணாமல் போனவர்களுக்கு செஞ்சிலுவைச் சங்கத்தின் மத்தியத் தேடல் அமைப்பும், காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையமும் இருக்கின்றன. இந்த ஆணையம் 1996இல் தொடங்கியது. முன்னாள் யுகோஸ்லாவியப் போர்களில் காணாமல் போன சுமார் 40,000 பேரைத் தேடுவதற்காக உறவினர்களின் ரத்த மாதிரிகளைச் சேர்த்து, புதைகுழிகளில் கிடைத்த எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். அந்தப் போரில் படுகொலை நடந்த போஸ்னிய ஊரான ஸ்ரெப்ரெனிசாவில், கொன்றவர்கள் தடயத்தை மறைக்க இயந்திரம் வைத்துக் குழிகளைத் தோண்டி உடல்களை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள், அதனால் ஒரே மனிதரின் எலும்பு இரண்டு மூன்று குழிகளில் கிடைத்தது. அங்கே முகம், சட்டை, கடிகாரம் எதுவும் உதவாது.

பிரிட்டன், கனடா, இந்தியா போன்ற நாடுகளிலும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பட்டியல்கள் இருக்கின்றன. எதில் என்ன தகவல் வெளியே தெரியும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். கீழே நான் சொல்லும் முறைக்கு நேம் அஸ்ஸை மாதிரியாக வைத்துக்கொள்கிறேன், வேறு இடத்திலும் இதே மூளைதான் ஓட வேண்டும்.

படி 1: புகார் இருக்கிறதா என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள். பல குடும்பங்களில் புகாரே கொடுத்திருக்க மாட்டார்கள். 'கோபித்துக்கொண்டு போனான், எங்கேயோ நன்றாக இருப்பான்' என்று பத்து வருடம் போய்விடும். அல்லது வாய்மொழியாகச் சொன்னதை நிலையத்தில் எழுதியே இருக்க மாட்டார்கள். புகார் எண், தேதி, நிலையம், விசாரணை அதிகாரி இந்த நான்கும் உங்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். நேம் அஸ்ஸில் காணாமல் போனவரைப் பற்றிக் குடும்பத்தினரே பதிவேற்றலாம், ஆனால் காவல்துறையிடம் சரிபார்த்த பிறகுதான் அது வெளியே தெரியும். புகார் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். உடல்களைப் பற்றிய பதிவைப் பொதுமக்கள் போட முடியாது, மருத்துவப் பரிசோதகர், கொரோனர் என்ற மரண விசாரணை அதிகாரி போன்றவர்கள்தான் போடுவார்கள்.

படி 2: பதிவை நிரப்புவது

தேடுவதைவிட இது முக்கியம், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

குடும்பத்தார் வழக்கமாகக் கொண்டுவருவது ஒரு கல்யாணப் புகைப்படம், மாநிறம், நல்ல உயரம், அன்றைக்கு நீலச் சட்டை. இதை வைத்து எலும்புக்கூட்டை எதோடு ஒப்பிடுவது? பேரிடரில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் வைத்திருக்கும் முறையில் முதன்மை அடையாளங்கள் மூன்றே: கைரேகை, பல், டிஎன்ஏ. மற்றதெல்லாம் துணைக்கு. கண்ணால் பார்த்து 'இவர்தான்' என்று சொல்வதை அவர்கள் போதுமான ஆதாரமாக எடுப்பதில்லை. நீரில் கிடந்த உடலில் பெற்ற தாய்க்கே பிள்ளையைத் தெரியாது, தெரிந்ததாக நினைத்து வேறொருவர் பிள்ளையை எரித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

பல் மருத்துவரிடம் போயிருந்தால் இன்றைக்கே போய் எக்ஸ்ரேயையும் சிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். பழைய கோப்புகளைக் காலம் முழுக்க யாரும் வைத்திருக்க மாட்டார்கள், மருத்துவர் ஓய்வுபெற்றால் அட்டைப்பெட்டியோடு போய்விடும். வாங்கும்போது எந்த எண் முறையில் எழுதியிருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பற்களுக்கு 1 முதல் 32 வரை தொடர்ச்சியாக எண் போடுகிறார்கள், மற்ற பல நாடுகளில் 11இல் தொடங்கி 48இல் முடியும் இரட்டை இலக்க முறை. முதல் முறையில் 18 என்றால் கீழ்த்தாடை இடப்பக்கத்தில் ஞானப்பல்லுக்கு முந்தைய கடைவாய்ப்பல். இரண்டாவது முறையில் அதே 18 மேல்தாடை வலப்பக்க ஞானப்பல். '18ஆம் பல் எடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதி அனுப்பினால், வாங்குகிறவர் வாயின் எதிர்மூலையில் தேடிக்கொண்டிருப்பார்.

எலும்பு முறிந்து கூடியது, தகடு திருகாணி வைத்தது, மூட்டு மாற்றியது, இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தது எல்லாம் எழுதுங்கள். உள்ளே வைக்கும் கருவிகள் பலவற்றில் வரிசை எண் இருக்கும், மருத்துவமனைக் காகிதத்தில் அந்த எண் கிடைத்தால் அதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை. தலையில் அடிபட்டு எப்போதோ எடுத்த எக்ஸ்ரே கூட உதவும், நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும்.

உயரத்தைச் சொல்லும்போது அடையாள அட்டையில் இருப்பதா, நீங்கள் அளந்ததா என்று குறிப்பிடுங்கள். ஆண்கள் அட்டையில் ஓர் அங்குலமாவது கூட்டிப் போட்டிருப்பார்கள், நான் அறிந்த உலக வழக்கம் இது.

படி 3: டிஎன்ஏ கொடுப்பது

கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியைத் தேய்ப்பார்கள், அவ்வளவுதான். யார் கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அப்பா அம்மா இருவரும் கொடுத்தால் அதைப்போல வேறில்லை. காணாமல் போனவருக்குப் பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளும், கூடவே பிள்ளைகளின் மற்றொரு பெற்றோரும் கொடுப்பது நல்லது, எது யார் வழி வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும். கூடப்பிறந்தவர்கள் என்றால் ஒருவர் போதாது, இரண்டு மூன்று பேர் கொடுங்கள்.

பழைய எலும்பில் வழக்கமான டிஎன்ஏ சிதைந்திருக்கும். அப்போது கை கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, ஏனென்றால் ஒரு செல்லுக்குள் அது நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கிறது. ஆனால் இது தாய் வழியில் மட்டும் வரும். ஆகவே அம்மா இல்லையா, அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், காணாமல் போனவரின் அக்கா தங்கை, அக்கா தங்கையின் பிள்ளைகள் கொடுக்கலாம். அண்ணனின் பிள்ளைகள் இதற்கு உதவ மாட்டார்கள். காணாமல் போனவர் ஆண் என்றால் தந்தை வழிக்கு ஒய் குரோமோசோம், அதற்கு அப்பா, அண்ணன் தம்பி, அப்பாவின் கூடப்பிறந்த சித்தப்பா, பெரியப்பா. பாட்டியோ தாத்தாவோ உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், அவர்களோடு அந்த வாய்ப்பும் போய்விடும்.

பல் துலக்கும் பிரஷ், சவர ரேசர், எடுத்து வைத்த பால் பல் என்று அவருடைய பொருளே இருந்தால் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள், ஈரம் தேங்கிப் பூசணம் பிடித்துவிடும். எப்போதாவது சதைச் சோதனை (பயாப்ஸி) செய்திருந்தால் மருத்துவமனை ஆய்வகத்தில் அந்தத் துண்டு மெழுகுக் கட்டியில் இருக்கக்கூடும், இதைக் குடும்பத்தார் யாரும் நினைப்பதே கிடையாது.

'என் டிஎன்ஏவைக் கொடுத்தால் என்னைக் குற்றவாளிப் பட்டியலில் தேடுவார்களோ' என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கோடிஸில் காணாமல் போனவர்களின் உறவினருக்குத் தனி அட்டவணை உண்டு, அதைக் குற்ற வழக்குத் தடயங்களோடு ஒப்பிடுவதில்லை. வேறு நாடு என்றால் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் இந்த வரி இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

படி 4: விரித்துத் தேடுவது

இப்போது தேடல் பக்கம். முதல் தேடலில் பாலினம், காலம் இரண்டை மட்டும் போடுங்கள். கிடைத்த தேதி காணாமல் போன தேதிக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம், இருபது வருடம் கழித்துக்கூட. மேல் எல்லை போடாதீர்கள்.

வயதில் எல்லோரும் சறுக்குவது எங்கே என்றால், காணாமல் போனபோது 20 வயது, எனவே 20 என்று தேடுவது. ஆள் வீட்டைவிட்டுப் போன அன்றே இறந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? பதினைந்து வருடம் எங்கோ வாழ்ந்து 35இல் இறந்திருக்கலாம். அதோடு, பெரியவர்களின் எலும்பை வைத்துச் சொல்லும் வயது எப்போதுமே அகலமான மதிப்பீடுதான். காணாமல் போனபோது இருந்த வயதுக்குக் கீழே ஐந்து, உடல் கிடைத்த ஆண்டில் இருந்திருக்கக்கூடிய வயதுக்கு மேலே பத்து என்று தளர்த்துங்கள். உயரத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று அங்குலம். இனம் என்ற கட்டத்தைத் தொடவே வேண்டாம் என்பேன், மண்டையோட்டை வைத்துச் சொல்வதில் தவறு அதிகம். தலைமுடி நிறமும் அப்படித்தான், சாயம் போகும், மண்ணிலும் வெயிலிலும் நிறம் மாறும். எடையை மறந்துவிடுங்கள்.

ஊர் விஷயத்தில் ஓர் உதாரணம். 1992 ஜூனில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஆற்றில் கொலையான ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. முன்கையில் கறுப்புப் பூ, பச்சை இலை, கீழே சில எழுத்துகள் என்று தெளிவாகப் பச்சை குத்தியிருந்தது. இருந்தும் 31 வருடம் பெயரில்லை. காரணம், அவர் பிரிட்டனைச் சேர்ந்தவர், அந்த ஆண்டுதான் அங்கே குடிபோனவர், அதற்கு முந்தைய மாதம் வீட்டுக்கு ஒரு தபால் அட்டை வந்திருக்கிறது. 2023இல் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி காவல்துறைகளும் இன்டர்போலும் சேர்ந்து 'ஐடென்டிஃபை மீ' என்று அடையாளம் தெரியாத 22 பெண்களின் விவரங்களை வெளியிட்டபோது, பிரிட்டனில் இருந்த குடும்பத்தினர் செய்தியில் அந்தப் பச்சையைப் பார்த்து அடையாளம் சொன்னார்கள். ஒரே நாட்டுக்குள் எத்தனை தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

பச்சை குத்தியதைத் தேடும்போது ஒரே சொல்லை நம்பாதீர்கள். உறவினர் 'ரோஜா' என்பார், பிரேதப் பரிசோதனை அறிக்கையில் 'பூ' என்றோ 'செடி போன்ற உருவம்' என்றோ இருக்கும். பெயர் எழுத்து, இலை, கொடி, நிறம் என்று தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், இடக்கை வலக்கையை நம்பாதீர்கள், கண்ணாடி பார்த்துச் சொல்கிறவர்கள் மாற்றிச் சொல்வார்கள்.

படி 5: கறாராகக் கழிப்பது

விரித்துத் தேடியதில் நூற்றைம்பது உடல்கள் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், முக்கால்வாசி வேகமாகப் போய்விடும். ஒவ்வொன்றிலும் முதலில் உடல் என்ன நிலையில் கிடைத்தது, எந்தப் பகுதிகள் கிடைத்தன என்ற வரியைப் படியுங்கள். தலை கிடைக்கவில்லை என்றால் பல்லை வைத்துக் கழிக்க முடியாது. தோல் இல்லை என்றால் பச்சை இல்லை என்பதற்கு அர்த்தமே இல்லை. அதன்பின், ஏற்கெனவே ஒப்பிட்டு இல்லை என்று முடிவான பெயர்களின் பட்டியல் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் ஆள் அதில் இருந்தால் அடுத்த பக்கம்.

பிறகுதான் உண்மையான வேலை. காலம் ஒரே திசையில்தான் ஓடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். பிடுங்கிய நிரந்தரப் பல் திரும்ப முளைக்காது. 2005இல் பிடுங்கியதாகக் குறிப்பு இருக்கிறது, 2009இல் கிடைத்த மண்டையோட்டில் அந்தப் பல் சுகமாக இருக்கிறது என்றால் ஆள் வேறு, முடிந்தது. ஆனால் மறுபக்கம் பாருங்கள், குறிப்பில் இல்லாத ஓர் அடைப்பு உடலின் பல்லில் இருந்தால் அது முரண்பாடே அல்ல, பிறகு அடைத்திருக்கலாம். பச்சையும் அப்படியே. உங்கள் ஆளுக்கு இருந்த பச்சை நல்ல தோலுள்ள உடலில் இல்லை என்றால் கழியுங்கள், உடலில் கூடுதலாக ஒரு பச்சை இருக்கிறது என்பதற்காகக் கழிக்காதீர்கள். இந்த ஒருவழித் தர்க்கம் கைவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மண்டையோட்டைப் பார்த்துச் செயற்கையாக வரைந்த முகத்தை மட்டும் வைத்துச் சேர்க்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். மூக்கு நுனி, உதடு, காது எல்லாம் கலைஞரின் யூகம். மூன்று நாள் பார்த்தால் எல்லா ஓவியமும் நம் ஆள் மாதிரியே தெரியும், எனக்கும் தெரிந்திருக்கிறது.

படி 6: சொல்வது, யாரிடம், எப்படி

மிஞ்சியது ஒன்றோ இரண்டோ என்றால், அந்த உடலின் பக்கத்தில் போட்டிருக்கும் விசாரணை அமைப்புக்கு எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். காணாமல் போனவரின் வழக்கு எண், உடலின் வழக்கு எண், ஒத்துப்போகும் விஷயங்கள், ஒத்துப்போகாத விஷயங்கள், ஒப்பிடுவதற்குப் பல் குறிப்போ டிஎன்ஏவோ கைரேகையோ இரண்டு பக்கமும் இருக்கிறதா. ஒத்துப்போகாததை மறைத்து எழுதினால் அதிகாரி அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார், அடுத்த கடிதத்தைப் பிரிக்க மாட்டார். பத்துப் பதினைந்து 'இவராக இருக்குமோ'க்களை ஒரே மூச்சில் அனுப்புவதும் அதே பலனைத்தான் தரும்.

நீங்கள் குடும்பத்தார் அல்ல, ஆர்வத்தில் தேடுகிறவர் என்றால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: குடும்பத்தை நேரடியாகக் கூப்பிடாதீர்கள், சமூக ஊடகத்தில் இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துப் போடாதீர்கள். நீங்கள் தவறு என்றால் அந்த அம்மாவுக்கு அது இன்னொரு சாவு. குடும்பத்தாருக்கும் சொல்கிறேன், 'கண்டுபிடித்துவிட்டேன், பணம் அனுப்புங்கள்' என்று வருகிற எவரையும் விசாரணை அதிகாரி பக்கம் திருப்பிவிடுங்கள். உண்மையான தகவல் உள்ளவர் திரும்புவார்.

படி 7: எதுவும் பொருந்தவில்லை என்றால்

பழைய வழக்குகளில் மரபணு வழி வம்சாவளித் தேடல் என்று ஒரு வழி இப்போது இருக்கிறது. உடலின் டிஎன்ஏவைப் பொதுமக்கள் தாமாகப் பதிவேற்றிய வம்சாவளித் தளங்களில், உதாரணமாக ஜெட்மேட்ச்சில், போட்டு, மூன்றாம் நான்காம் தலைமுறைச் சொந்தங்களைப் பிடித்து, அங்கிருந்து குடும்ப மரம் வரைந்து இறங்குவார்கள். 1981இல் ஒஹையோவில் கிடைத்து 'பக்ஸ்கின் கேர்ள்' என்று அழைக்கப்பட்ட இளம்பெண்ணுக்கு 2018இல் பெயர் கிடைத்தது இந்த வழியில்தான், செய்தது டிஎன்ஏ டோ புராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பு. உங்கள் குடும்பத்தில் யாராவது ஏற்கெனவே வம்சாவளிச் சோதனை செய்திருந்தால், அந்தக் கோப்பைக் காவல்துறைத் தேடலுக்கு அனுமதிக்கும் தளத்தில் ஏற்றி அனுமதியைத் திறந்துவையுங்கள். உடல் எங்கே கிடக்கிறது என்று தெரியாமலேயே நம் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது இது.

மற்றபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் தேடுங்கள். 1985இல் கிடைத்த உடலை ஓர் அலுவலகம் இந்த ஆண்டுதான் பதிவேற்றியிருக்கும், அதனால் 'கிடைத்த தேதி'யை வைத்துப் பார்க்காமல் 'பதிவேற்றிய தேதி'யை வைத்துப் புதியவற்றைப் பாருங்கள். கொடுத்த டிஎன்ஏ ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, முடிவு தரவுத்தளத்தில் ஏறிவிட்டதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், அலமாரியிலேயே தூங்கும் உறைகள் நிறைய. விசாரணை அதிகாரி மாறினால் புதியவரிடம் போய் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆள் உயிரோடு வந்துவிட்டால் பதிவை மூடச் சொல்லுங்கள், யாரோ அதை வைத்து இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள். அப்புறம், வீடு மாறினாலும் சிம் மாற்றினாலும் பதிவில் இருக்கும் தொலைபேசி எண்ணையும் அன்றைக்கே மாற்றுங்கள், கூடவே அடுத்த தலைமுறையில் ஒருவர் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.